மெக்கானிக்கல் வகைநூல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்று ஒன்று செய்தால் அதற்குப் பாயிரம் வேண்டும். பாயிரம் இல்லாத நூல் டைட்டில் பிளாக் இல்லாத டிராயிங் ஷீட்டைப் போன்றது. கோடுகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மதிப்பெண் விழாது. ஆகவே, சிறப்புப் பாயிரத்துக்கு முன்னோர் விதித்த எட்டினையும் சுருங்கச் சொல்லித் தொடங்குவோம்.

ஆக்கியோன் பெயர் வேண்டாம். வகுக்கப்பட்டோர் தேடி வருவர். நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, சூத்திரமும் உரையும். வழி யாதெனின், கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நிலத்தை அளந்தவர்கள் காலப்போக்கில் நீராவியையும் இரும்பையும் அளக்கலாயினர். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு சென்னை ஐ.ஐ.டி. வந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. பிற கல்லூரிகள் பின்னர்ப் பெருகின. அவற்றை எண்ணுவது இந்நூலின் வேலையன்று.

எல்லை: வடக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, மேற்கே கோவையின் பம்புசெட் பட்டறைகள், தெற்கே ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி, கிழக்கே கடல். கடல் தாண்டி எம்.எஸ். படிக்கப் போனோர் எல்லைக்குப் புறத்தார். கேட்போர்: கவுன்சலிங்குக்குக் காத்திருப்போர், அவர்தம் பெற்றோர், பிஎச்.டி.க்குப் பதிவு செய்து இது எத்தனையாம் ஆண்டு என்பதை மறந்தோர். பயன்: தாம் எந்த வகை என்று தெரிந்தால் பாதி வருத்தம் தீரும்.

நுதலிய பொருள் மட்டும் எஞ்சியது. அப்பொருளாவது, பிழை என்பது. மெக்கானிக்கல் என்றால் இயந்திரம் என்று வெளியார் நினைப்பர். இயந்திரம் செய்வது தொழில். எவ்வளவு பிழைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிவது கல்வி. இதுவே நூல் முழுதும் ஓடும் கருத்து.

1. வரவு இயல்

வருவோர் நால்வர்: விரும்பி வந்தோர்,
கட்-ஆஃப் தள்ள வந்தோர்,
வாக்கைக் கேட்டு வந்தோர்,
வழிவழி வந்தோர்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்போர் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

விரும்பி வந்தோர், சிறுவயதில் வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் பார்த்து, மாட்டும்போது இரண்டு ஸ்குரூ மிச்சம் வைத்தோர். பைக் என்ஜினின் ஓசை கேட்டே நோய் சொல்லவல்லார். இவர்க்கு முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் என்று பிளஸ் டூ மீண்டும் வந்து நிற்கும். பைக் வெகுநாள் வராது. அதற்குள் விருப்பம் வற்றாதோரே மெய்யாக விரும்பியோர் என்க.

கட்-ஆஃப் தள்ள வந்தோர், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கூட்டிய கணக்கில், நினைத்த துறைக்குச் சற்றுக் கீழே நின்றோர். இவருள் மூன்றாம் ஆண்டில் துறைமேல் காதல் கொள்வோர் பலர்.

வாக்கைக் கேட்டு வந்தோர், "மெக்கானிக்கல் எவர்கிரீன் தம்பி, எங்க வேணா பொழச்சிக்கலாம்" என்று ஒரு மாமா சொன்னதைக் கேட்டு வந்தோர். அந்த மாமா மெக்கானிக்கல் படித்திருக்க வேண்டும் என்பது விதியன்று.

வழிவழி வந்தோர், அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர்கள். டேப்பர் டர்னிங்கைக் கையால் அறிவர்; அதன் கோணத்துக்கான சூத்திரத்தை அறியார். ஆசிரியருள் சிலர் நேர் எதிர். இவ்விருவரும் ஒரே ஷாப் ஃப்ளோரில் சந்திக்கும் தருணம் இரு தரப்புக்கும் சங்கடமானது.

அறுபது பேர் வகுப்பில் பெண்கள் சிலரே இருப்பது கண்டு அவரை ஐந்தாம் வகையாக்குவாரும் உளர். அது பொருந்தாது. அவரும் இந்நால்வகையுள் ஏதோ ஒன்றில் வந்தவரே; அரம் அதைப் பிடிக்கும் கையின் பால் நோக்காது.

இனி, பவணந்தி முனிவர் நன்னூலில் அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமையால் மாணாக்கரை வகுத்தார். அவ்வகுப்பு இங்கும் செல்லும். ஆயினும் அவர் காலத்தில் அரியர் இல்லை. ஆதலின், படித்து முடித்துப் போன ஜூனியரின் பின்னும் தேர்வு எழுத வரும் ஒன்பதாம் வகையை அவர் கூறாது விட்டார் என்று அமைதி கொள்க.

2. கள இயல்

களம் மூன்று: வரைகளம், உலைக்களம், விடைக்களம்.

வரைகளத்தில் மினி டிராஃப்டர் தோளில் தொங்கும். முதற்கோண வீழ்ச்சியில் முன்தோற்றம் மேலும் மேல்தோற்றம் கீழும் வரும். இதை ஏற்க மறுத்து மனம் இரண்டு வாரம் போராடும். கண்ணுக்குத் தெரியாத விளிம்பை இடைவிட்ட சிறுகோடுகளாகப் போட வேண்டும் என்னும் விதியைக் கற்றபின், மாணவன் முதன்முறையாக ஒரு பொருளின் உள்ளே பார்க்கத் தொடங்குகிறான். இக்களத்துப் பிழைக்கு ரப்பர் உண்டு.

உலைக்களத்துப் பிழைக்கு ரப்பர் இல்லை. வார்ப்பு, தச்சு, வெல்டிங், தகர வேலை, ஃபிட்டிங் என இது ஐவகைப்படும். இவற்றுள் தலையாயது ஃபிட்டிங். மைல்ட் ஸ்டீல் தட்டு இரண்டைத் தந்து, ஒன்றில் வி வடிவப் பள்ளமும் மற்றொன்றில் வி வடிவ முனையும் அரத்தால் ராவச் சொல்வர். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார் இன்ஸ்ட்ரக்டர். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால், "இன்னும் ராவு" என்பார். ராவுவான். மீண்டும் தெரியும். மீண்டும் ராவுவான். இப்போது இடுக்கு முன்னைவிடப் பெரிது. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது என்னும் தத்துவத்தை இத்துறை நூல் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

விடைக்களம் தேர்வுக்கூடம். இங்கே பிற துறையார் பொறாமைப்படும் ஒரு வழக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த டிசைன் டேட்டா புக், நீராவி அட்டவணை, வெப்பப் பரிமாற்றத் தரவுநூல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வா என வியப்பாரை நோக்கி, ஆம், எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்க்கு என விடையிறுக்க.

3. பிழை இயல்

பிழை மூவகைத்து: கருவியது, கையது, கருத்தது.

கருவிப் பிழை எழுதியே ஒட்டப்பட்டது. வெர்னியர் காலிப்பர் 0.02 மி.மீ.க்குக் கீழே வாய் திறவாது, மைக்ரோமீட்டர் 0.01 வரை பேசும். தன் எல்லையைத் தன் உடலிலேயே பொறித்து வைத்திருப்பதால் இக்களத்தில் கருவிகளே பணிவுடையன.

கைப்பிழை, தராசு முள்ளைச் சாய்ந்து பார்ப்பது, வெப்பநிலை நிலைபெறும் முன் குறிப்பது, பேருந்து வரும் நேரம் நெருங்க நெருங்க ரீடிங் விரைந்து வருவது முதலியன.

கருத்துப் பிழை என்பது விடை முன்பே தெரிந்திருத்தல். ஸ்டீலின் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகா பாஸ்கல் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே துருப்பிடித்த இயந்திரத்தில், வளைந்த கம்பியில், தளர்ந்த அளவியில் சோதனை செய்தாலும் ரெக்கார்ட் நோட்டில் 201 என்றும் 199 என்றும் வந்து விழும். விடையிலிருந்து ரீடிங்குக்குப் பின்னோக்கி நடக்கும் இக்கணக்கில் மாணவர் காட்டும் திறம், முன்னோக்கி நடக்கும் கணக்கில் காட்டினால் முதல் வகுப்பு உறுதி. நேர்மையாக 170 என்று எழுதி, ஏன் என்று ஒரு பத்தி சேர்த்தவனே அந்த லேபில் பாடம் கற்றவன். அவனுக்கு மதிப்பெண் குறையும் என்பதையும் உரையாசிரியர் மறைக்கலாகாது.

அஃதேல், பெரியோர் நூல்கள் பிழையற்றனவோ எனின், அற்றன்று. குழாயில் ஓடும் நீர்மத்தின் வெப்பப் பரிமாற்றத்தைக் கணிக்கும் டிட்டஸ்–போல்ட்டர் சமன்பாடு 1930-இலிருந்து வழங்குவது. 0.023 என்று மூன்று தசம இடத்தோடு கம்பீரமாகத் தொடங்கும். அதன் விடை 25 விழுக்காடு வரை பிழைக்கலாம் என்று பாடநூலே கூறும். மாணவர் அச்சமன்பாட்டைப் போட்டு விடையைக் கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கமும் சிந்தாமல் எழுதுவர்.

அறியாமைக்கு எண் கொடுப்பதும் இத்துறையின் வழக்கு. அதற்குக் காப்புக் காரணி என்று பெயர். பொருள் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு, அதை நாலால் வகுத்து, அவ்வளவுதான் சுமத்துவோம் என்பது பாடநூல் மரபு. எல்லாவற்றுக்கும் நாலு போட்டால் விமானம் எடை மிகுந்து தரையிலேயே நிற்கும். ஆதலின் விமானக் கட்டமைப்புக்கு 1.5 போதும் என்றனர். காரணி குறையக் குறையச் சோதனை பெருகும். தேர்வில் "காரணி 4 எனக் கொள்க" என்று எழுதும் மாணவன், தான் எவ்வளவு அறியேன் என்பதை அரசு முத்திரையிட்ட தாளில் ஒப்புக்கொள்கிறான்.

4. ஆய்வு இயல்

முதல், வழி, சார்பு என நூல் மூன்று;
மெக்கானிக்கல் ஆய்வேடோ பெரும்பாலும் மூன்றாவது.

முதல்நூல் பிறர்வழி வாராதது. பரப்பை ஒட்டிய நீரோட்டத்தை மெல்லிய எல்லைப் படலமாகப் பிரித்துக் காட்டி 1904-இல் பாய்ம இயக்கவியல் அறிஞர் பிராண்டில் படித்த கட்டுரை அத்தகையது. பக்க அளவில் மிகச் சிறியது. வழிநூல் அதன் வழிப்பட்டுத் தானும் ஒரு புதுமை வேண்டுவது. சார்புநூல், முன்னவர் வேப்பெண்ணெயில் செய்ததை இலுப்பை எண்ணெயில் செய்வது. இதனை இகழ்தல் கூடாது. இலுப்பை எண்ணெயின் அளவுகள் யாரோ ஒருவர் அளந்து வைத்தால்தான் உலகுக்குத் தெரியும்.

பொருள் நோக்கின் ஆய்வுத் திணை ஐந்து. அவற்றின் உரிப்பொருள் வருமாறு.

உராய்வுப் பற்றவைப்புத் திணைக்கு உரியது புணர்தலும் புணர்தல் நிமித்தமும். இரண்டு அலுமினியத் தட்டுகளின் இணைப்பில் சுழலும் கருவியை அழுத்தி நகர்த்தினால், உராய்வின் சூட்டில் உலோகம் உருகாமலே இளகிக் கலந்து ஒன்றாகும். 1991-இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் பிறந்த இம்முறை தமிழகப் பல்கலைக்கழகங்களில் நன்கு வேரூன்றியது. சுழல் வேகம், நகர்வு வேகம், அழுத்தும் விசை என மூன்று குமிழ்கள் இருப்பதால் மாற்றி மாற்றி வைத்துப் பல ஆய்வேடுகள் செய்யலாம்.

நார்த் திணைக்கு உரியது பிரிதல். வாழை, தென்னை, பனை, சணல் நார்களை எபாக்ஸிப் பிசினில் பதித்துத் தகடு செய்வர். நார் நீரை விரும்பும். பிசின் நீரை வெறுக்கும். இயல்பு மாறுபட்ட இவ்விருவரும் சுமை வந்ததும் பிரிவர். நார் உருவிக்கொண்டு போன துளைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டுவர். பிரிவைத் தடுக்கச் சோடியம் ஹைட்ராக்சைடில் நாரை முன்கூட்டியே ஊறவைப்பது மரபு.

உலோகக் கலவைத் திணைக்கு உரியது ஊடல். உருகிய அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடுத் துகளைக் கொட்டிக் கலக்குவர். அலுமினியம் அத்துகளை எளிதில் நனைக்காது. துகள்கள் முகம் திருப்பித் தமக்குள் திரண்டு நிற்கும். அப்போது இடையே சென்று ஊடல் தீர்க்கும் வாயில், சிறிதளவு மக்னீசியம். கூடியபின் கடினம் ஏறும், நெகிழ்வு குறையும். திருமணத்தோடு ஒப்பிடுவாரை உரையாசிரியர் தடுக்கிறார்.

வலைத் திணைக்கு உரியது இருத்தல். இவர் கையில் இரும்பு இல்லை, கணினி உண்டு. பொருளைச் சிறு சிறு கூறுகளாக வலை பின்னிச் சமன்பாட்டை ஓடவிட்டு, விடை குவியும் என்று காத்திருப்பர். இரவு குவியாது. விடியலில் மின்சாரம் போகும். குவிந்தபின் சிவப்பும் நீலமுமாகப் படம் வரும். சிவப்பில் தகைவு அதிகம். வலையை இன்னும் நுணுக்கினால் விடை மாறுகிறதா என்று பார்த்தோரே இத்திணைக்கு உரிமையர், பார்க்காதோர் ஓவியர்.

எண்ணெய்த் திணைக்கு உரியது இரங்கல். களம் ஐ.சி. என்ஜின் லேப். கருப்பொருள், நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழலும் 5.2 கிலோவாட் கிர்லோஸ்கர் ஒற்றை உருளை டீசல் என்ஜின். புங்கம், வேம்பு, இலுப்பை, காட்டாமணக்கு ஆகியவற்றின் எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி, டீசலில் 20 விழுக்காடு கலந்து ஓட்டுவர். புகை குறையும், மகிழ்வர். கார்பன் மோனாக்சைடு குறையும், மேலும் மகிழ்வர். கடைசி வரைபடத்தில் நைட்ரஜன் ஆக்சைடு ஏறி நிற்கும். இரங்குவர். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆயினும் எந்த மரத்தின் விதையும் இவர் கையினின்று தப்பவில்லை.

இவ்வைந்துக்கும் பொதுவான சடங்கு, சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் டகுச்சி முறை. நான்கு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை எனில் 81 சோதனை வேண்டும். டகுச்சியின் எல்9 அட்டவணை ஒன்பதே போதும் என்றது. காரணிகள் ஒன்றையொன்று பாதிக்காதவிடத்து இது பெரும் பேறு. பாதிக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள வேறு சோதனை வேண்டும் என்பதைச் சொல்வோர் குறைவு. சொல்லும் கைடைப் பெற்றோர் பேறுபெற்றோர்.

5. பொருத்த இயல்

துளை மாறாது, தண்டே மாறும்.

இது கைடுக்கும் ஸ்காலருக்கும் உள்ள உறவு கூறுகின்றது. இயந்திர உறுப்புகளைப் பொருத்துவதில் துளையடிப்படை முறை பெருவழக்கு. துளையை முடிக்கும் ரீமர்கள் குறித்த அளவுகளிலேயே கிடைக்கும்; புது அளவுக்குப் புது ரீமர் செலவு. தண்டை லேத்தில் வைத்து எந்த அளவுக்கும் கடையலாம். எனவே துளையை நிலையாக வைத்துத் தண்டைச் சீவுவர். கைடு துளை என்றும் ஸ்காலர் தண்டு என்றும் கொண்டால் எஞ்சியது தானே விளங்கும்.

25 மி.மீ. துளை எச்7 எனில் அதன் அளவு 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். அதற்குள் செல்லும் தண்டு மூவகை.

ஜி6 தண்டு 24.980 முதல் 24.993 வரை. எப்போதும் இடைவெளி உண்டு; தாராளமாகச் சுழலும். கைடுக்கு நிர்வாகப் பொறுப்புகள் பல. ஸ்காலர் அவரை டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் அன்று காண்பார், "எப்படிப் போகுது?" "போகுது சார்." இவ்வகையில் சுதந்திரம் மிகுதி. மசகெண்ணெய் தவறாமல் இட வேண்டும். இல்லையேல் சுழன்று சுழன்றே தேய்வர், இடம் மட்டும் பெயரார்.

கே6 தண்டு 25.002 முதல் 25.015 வரை. சிலபோது எளிதில் நுழையும். சிலபோது மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். எது என்பது மாட்டும்வரை தெரியாது. கட்டுரையின் முதல் வரைவு சிவப்பு மையில் குளித்து வரும்; இரண்டாவது, "ஓகே, அனுப்பலாம்" என்று வரும். இரண்டுக்கும் இடையே ஸ்காலர் மாற்றியது தலைப்பை மட்டுமே. ஆயினும் உறுப்பை நடுமையத்தில் நிறுத்த இதுவே சிறந்த பொருத்தம் என்பர் வடிவமைப்போர். ஆய்விலும் அதுவே.

பி6 தண்டு 25.022 முதல் 25.035 வரை. எந்நிலையிலும் துளையைவிடப் பெரிது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தியோ துளையைச் சூடேற்றியோ உள்ளே செலுத்துவர். இவ்வகை ஸ்காலர் கைடின் வினாத்தாள், தர மதிப்பீட்டுக் கோப்பு, கருத்தரங்க மேடையின் பூங்கொத்து ஆகியவற்றையும் சுமப்பார். சாவி இல்லாமலே ஓரளவு முறுக்குவிசையைக் கடத்துவது இதன் சிறப்பு. எளிதில் பிரித்தெடுக்க முடியாமை இதன் குறை. பட்டம் பெற்றபின் அதே துறையில் உதவிப் பேராசிரியராக இருந்துவிடுவோர் இவருள் மிகுதி.

மூன்றில் எது நல்லது எனின், வேலைக்குத் தக்கது என்பதே விடை. சுழல வேண்டிய தண்டை இறுக்குவதும், இறுக வேண்டியதைத் தளர விடுவதுமே குற்றம். பல்கலைக்கழகங்கள் ஸ்காலரின் தகுதியைத் தேர்வு வைத்து அளக்கின்றன. எந்தப் பொருத்தம் என்பதை டிராயிங்கில் குறிப்பதில்லை.

6. வாய்மொழி இயல்

வைவா வினா நான்கு:
தன்னூல் வினா, தலைப்பு வினா, பயன் வினா, அடி வினா.

தன்னூல் வினா, தேர்வாளர் தாம் எழுதிய கட்டுரையை ஏன் மேற்கோள் காட்டவில்லை என்பது. தலைப்பு வினா, நேரம் குறைவாக இருந்த தேர்வாளர் கேட்பது. பயன் வினா, "இதைத் தொழிற்சாலையில் யார் பயன்படுத்துவர்?" என்பது; இதற்கு விடை பெரும்பாலும் "எதிர்காலத்தில்".

அஞ்சத் தக்கது அடி வினா ஒன்றே.

"ஸ்ட்ரெஸ்னா என்ன தம்பி?"

"லோட் பை ஏரியா சார்."

"பிரஷரும் லோட் பை ஏரியாதானே? அப்புறம் ரெண்டுக்கும் ரெண்டு பேர் எதுக்கு?"

நானூறு பக்க ஆய்வேடு இவ்விடத்தில் உதவாது. அசையாத நீரின் அழுத்தம் ஒரு புள்ளியில் எல்லாப் பக்கமும் ஒன்றே. ஓர் எண் போதும். திண்பொருளின் உள்ளே எழும் தகைவு, எந்தத் தளத்தில், எந்தத் திசையில் என்பதைப் பொறுத்து மாறும். அதைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். இரண்டாம் ஆண்டில் கரும்பலகையில் இருந்த செய்திதான். கருவியை அறிந்து பொருளை மறந்தோரை இவ்வினா பிரித்தெடுக்கும்.

புறனடை

சொல்லாதன உளவேல் சொன்னவற்றோடு கூட்டுக.

தொழிற்சாலையில் துளையைச் சோதிக்க கோ, நோ-கோ என்று இருமுனைக் கேஜ் வைத்திருப்பர். ஒரு முனை நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. ஏற்கலாமா, தள்ளலாமா என்பதை நொடியில் சொல்லும். துளையின் அளவு என்ன என்று கேட்டால் அதற்குத் தெரியாது. தேர்வும் கட்-ஆஃபும் நேர்முகமும் இவ்வகைக் கேஜ்களே, வகைநூலும் அவ்வாறே. வகுப்பது அளப்பதாகாது என்று அறிந்து இந்நூலைப் பயன்படுத்துக.

ஆதலால், ரெக்கார்டில் 170 என்று எழுதியவனும், வலையை நுணுக்கிப் பார்த்து விடை மாறியதும் ஆறு மாத வேலையைத் தள்ளியவளும், நைட்ரஜன் ஆக்சைடு வரைபடத்தைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் நடுவில் வைத்தவரும், மேற்கூறிய எவ்வகையிலும் முழுதும் அடங்கார். "என் முடிவு இது, இவ்வளவு பிழைக்கலாம், இன்ன நிலைமையில் மட்டும் செல்லும்" என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த அவர்களுக்காகவே அந்த லேத்தும் லேபும் ஓடுகின்றன. அத்தகையார் ஆண்டுக்கு ஒருவர் வெளிவந்தாலும் துறை தன் சம்பளத்துக்கு உழைத்ததாகக் கொள்க.

இந்நூலின் வகைகளில் தம்மைக் காணாதோர் வருந்த வேண்டா. கண்டு வருந்துவோர் நூற்பிழை என்று கொள்க. எவ்வளவு பிழை எனின், பாடநூல் மரபுப்படி, கூட்டியோ குறைத்தோ 25 விழுக்காடு.